வழியில் இறக்கி வைத்த கல்

அண்ணே,

இன்று காலை நான் வேலை பார்க்கிற லாட்ஜ் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்கிய கையோடு ஓரத்தில் கிடந்த கருங்கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்து, காலால் ஒரு உதை கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டார். மூணாற்றுச் சரிவுகளில் பழைய ஜீப்பை நிறுத்துகிற யாரும் செய்கிற காரியம்தான். கை பிரேக்கை நம்பி இங்கே ஒருவரும் இறங்குவதில்லை. அந்தக் கல் உட்கார்ந்த சத்தம் வரவேற்பு மேசை வரை கேட்டது. அதற்குப் பிறகு அடித்த ஃபோனை நான் எடுக்கவில்லை.

உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். "அண்ணே" என்று எழுதியதும் அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வரும். பாலைப் பார்க்கப் போனால் கொடியில் கிடக்கிற துணி நினைவுக்கு வரும். காகிதம் அப்படியே கிடக்கும். இன்று எழுத முடிகிறது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் இரண்டு பேரில் கெட்ட பேர் வாங்கியவன் நீதான். தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எங்கே என்ன உடைந்தாலும் முதலில் உன்னைத்தான் தேடுவார்கள். கோழிக்கூட்டுக்கு மூன்று பக்கம் பலகை அடித்துவிட்டு, நாலாவது பக்கத்துக்கு ஆணி வாங்கப் போனவன், சாயங்காலம் பந்து விளையாடிவிட்டு வந்தாய். "ஆணி எங்கலே?" என்று அப்பா கேட்டதற்கு, "எந்த ஆணி?" என்றாய். அந்த வீட்டில் நாம் இருந்த வரைக்கும் கூட்டுக்கு மூன்று பக்கம்தான். நான் சத்தமில்லாமல் தொலைந்து போகிறவள். நல்ல பிள்ளை, கொஞ்சம் கனாக் காணும் என்று டீச்சர் சொல்லி விட்டுவிடுவார். உனக்கு மட்டும் தெரியும். சோற்றுத் தட்டுக்கு முன்னால் விரலைச் சொடுக்கி, "ஏ புள்ள, எங்க போயிட்ட? திரும்பி வா" என்பாய்.

அப்பா இறந்து போனதும் வீட்டிலிருந்து ஒருவர் கம்பெனி வேலைக்குப் போனால்தான் லயத்து வீடு நமக்கு. நீ போனாய். ஃபாக்டரியில் அரைத்த தேயிலைக் கொழுந்தைப் பரப்பிச் சிவக்க விடுகிற இடத்தில் போட்டார்கள். பதம் பார்த்து அள்ள வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் மொத்தமும் பாழ். உன்னைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார்களே என்று இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பக்கத்தில் ஒரு மெஷினைக் கழற்றினால் போதும், நீ அங்கே நிற்பாய், கொழுந்து இங்கே கெட்டுப்போகும். எச்சரித்தார்கள், மறுபடி எச்சரித்தார்கள், கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனதும் வீடும் போனது. சட்டி பானையை ஏற்றும்போது அம்மா, "ஒரு எடத்துல நிக்கத் தெரியாத பயலால நடுத்தெருவுக்கு வந்துட்டமே" என்று லயமே கேட்கச் சொன்னாள். நீ பாயைச் சுருட்டித் தோளில் வைத்தபடி நின்றாய்.

டவுனில் வாடகை வீட்டுக்கு வந்தபின் ஜீப் ஓட்டப் போனாய். அதில் மட்டும் உன்னை ஒருவரும் குறை சொன்னதில்லை. குழியும் பாறையுமான எஸ்டேட் ரோட்டில் நீ ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், வேறு ஆள் மாதிரி இருப்பாய். "ஸ்டியரிங்கப் புடிச்சாத்தான் புள்ள, மண்டைக்குள்ள சத்தம் நிக்குது" என்றாய். என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்தச் சத்தம் இருந்தது, எல்லோருக்கும் இருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

நீ கடைசியாக ஓட்டிய அன்றைக்கு மேட்டில் ஜீப்பை நிறுத்தி, சுற்றிப் பார்க்க வந்த ஆட்களை இறக்கினாய். கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நடுவில் ஒருவர் ஃபோனை நீட்டி ஒரு ஃபோட்டோ எடுத்துத் தரச் சொன்னார். கல்லை வழியில் இறக்கி வைத்தாய், ஃபோட்டோ எடுத்துக் கொடுத்தாய், அப்படியே ஜீப்புக்குப் பின்னால் தண்ணீர் கேனை இறக்கப் போனாய். ஜீப் பின்னோக்கி உருண்டது. பின்னால் மண்திட்டு, நடுவில் நீ. ஃபோனை நீட்டியவர் இதையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் அழுதுகொண்டே சொன்னார். யார் காதிலும் அது ஏறவில்லை. ஜீப் ஸ்டாண்டில் உன் கதையைச் சொல்லிப் புது டிரைவர்களைத் திட்டினார்கள். அம்மாவும் உன் பேச்சு வரும்போதெல்லாம், "ஒரு கல்லு வைக்கத் துப்பில்லாமப் போய்ச் சேந்தான்" என்று சொல்லித்தான் அழுவாள்.

உன் வயதைத் தாண்டி நான் வெகுதூரம் வந்துவிட்டேன். போன சீசனில் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். முதல் தடவை இல்லை. இனி ஒரு தடவை நடந்தால் வர வேண்டாம் என்று மேனேஜர் சொன்னார். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது, தோளில் பாயோடு. தூக்கம் கெட்டது. கோட்டயத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்க மாத்திரை கேட்கத்தான் போனேன். அந்த மலையாள டாக்டரம்மா தூக்கத்தை விட்டுவிட்டு, சின்ன வயதில் எப்படி என்று கேட்கத் தொடங்கினார். ஏ.டி.எச்.டி.யாக இருக்கலாம், கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு அது, உறுதியாகச் சொல்ல உங்களைச் சிறுவயதில் பார்த்த ஆள் வேண்டும், அம்மாவைக் கூட்டி வாருங்கள் என்றார்.

அம்மா லேசில் வரவில்லை. "பைத்தியத்துக்குப் பாக்குற எடத்துல எனக்கென்ன சோலி?" என்றாள். வேலை போய்விடும் என்று நான் அழுத பிறகுதான் சேலை மாற்றினாள்.

"மோள் சின்னதிலே ஒரு இடத்தில அடங்கி இருக்குமோ, அம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இவளா? இவ இருக்க எடமே தெரியாது டாக்டரே. மூத்தவன்தான் நிக்க மாட்டான்."

"பொருளெல்லாம் தொலைச்சிட்டு வருமோ?"

"இவ கொடையத் தொலைப்பா. அவென் தங்கச்சியவே கடையில விட்டுட்டு வந்துட்டான். பெறவு ஓடிப் போயித் தூக்கிட்டு வந்து, அன்னிக்குப் பூரா கீழ எறக்கி விடல."

என்னைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா கொஞ்சம் என்னைச் சொல்லிவிட்டு உன்னிடம் போய்விட்டாள். டாக்டர் தடுக்கவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கூடு, ஆணி, கொழுந்து, லயம் எல்லாம் வந்தன. கடைசியில், "கல்லத் தூக்கிட்டுத்தான் வந்தானாம். நடுவுல ஒருத்தரு கூப்புட்டுட்டாரு..." என்று சொல்லி நிறுத்தினாள். அதை அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இவளுக்குத் தாற மாத்திர, அவென் இருக்கும்போதே இருந்துச்சா டாக்டரே?"

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு, "உண்டாயிருந்தது, அம்மா. அப்பவே இருந்தது" என்றார்.

இருதயத்தைப் பரிசோதித்து, ரத்த அழுத்தம் பார்த்து, எனக்கு மாத்திரையைச் சின்ன அளவில் தொடங்கினார்கள். வாய் காய்கிறது, மத்தியானச் சோறு இறங்கவில்லை. மறதி ஒரேயடியாகப் போய்விடவில்லை, சாயங்காலம் பழைய இரைச்சல் திரும்பி வருகிறது. ஆனால் பகலில் சில மணி நேரம் மண்டைக்குள் சத்தம் நிற்கிறது. முதல் நாள் அது நின்றபோது, வேலை பிழைத்தது என்று சந்தோஷப்பட வேண்டியவள், கணக்கு அறைக்குள் போய் அழுதேன். நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தேடியது இதைத்தானே என்று தோன்றியது. மாத்திரை இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று டாக்டர் சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது. உன்னை ஒருவராவது இப்படி உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம்.

போன வாரம் உன் திதி. சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமா வழக்கம்போல, "ஒரு கல்ல வச்சிருந்தான்னா இன்னிக்குப் பேரன் பேத்தி பாத்திருப்பியேக்கா" என்றார். அம்மா பாயசக் கரண்டியோடு திரும்பினாள்.

"எடுத்தான்டா. எம்புள்ள கையில எடுத்தான். வைக்கத்தான் வந்தான்."

அம்மா அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

முன்பெல்லாம் உன் சாவை என்னால் முழுதாக நினைக்க முடியாது, பாதியில் மனசு வேறெங்காவது ஓடிவிடும். இப்போது ஓடுவதில்லை. நீ இறங்குகிறாய், குனிகிறாய், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வருகிறாய். கடைசி வரைக்கும் பார்க்கிறேன். நீ வழியில் இறக்கி வைத்த அந்தக் கல்லை நான் எடுத்துக்கொண்டேன், அண்ணே. கனக்கிறது.