சீட்டில் வந்த கொல்லை

இன்று காலை பஸ் ஸ்டாண்டு வாசலில் வேர்க்கடலை, நம் பக்கத்து மல்லாட்டை, வேகும் வாசனை வந்தது. நின்றுவிட்டேன். முன்பெல்லாம் அந்த வாசனைக்கு நீதான் நிற்பாய். நான் உன் கையைப் பிடித்து பஸ்ஸுக்கு இழுப்பேன். இன்று இழுக்க ஆளில்லாமல் வெகுநேரம் நின்றேன்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை விவசாய அலுவலகத்தில் நாம் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களில் புதிய மல்லாட்டை விதையைப் போட்டுப் பார்ப்பது நம் முதல் வேலை. ரோட்டோரக் கிணற்று வயல்களே போதும் என்றார் அதிகாரி. நீ ஒப்பவில்லை.

"கெணறு இல்லாதவங்கதான் சார் இங்க ஜாஸ்தி. அவங்க கொல்லையில பாக்காம எல்லாருக்கும் நல்ல விதைனு எப்படி சொல்றது?"

"ஜீப் கிடையாதும்மா."

"பஸ்ல போறோம் சார்."

கிணறு உள்ள நிலம், வானம் பார்த்த நிலம் என்று இரண்டாகப் பிரித்தாய். நிலக்காரர்களின் பெயர்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, உன் டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினாய். நமக்குப் பிடித்த வயலை நாமே எடுத்துவிடக் கூடாது என்பதில் அப்படி ஒரு பிடிவாதம் உனக்கு.

வானம் பார்த்த நிலச் சீட்டில் குப்பம்மாவின் மேட்டுக்கொல்லை வந்தது. நம்மைவிடச் சில வயது மூத்தவள். சரளை மண்ணைக் காலால் தள்ளிக் காட்டினாள்.

"இங்க ஒண்ணும் வெளையாதும்மா. எங்க தம்பி கொல்லைக்குப் போங்க, கெணறு இருக்குது."

"வெளையலன்னாலும் அது எங்களுக்குத் தெரியணுங்க" என்றாய். "பாதியில பழசு போடுங்க, பாதியில புதுசு. ரெண்டையும் ஒரே நாள்ல வெதைங்க."

அந்த வருடம் மழை ஏமாற்றியது. கிணற்று வயல்களில் புதிய விதை கொத்துக்கொத்தாகக் காய்த்தது. மேட்டுக்கொல்லைகளில் பழையது கொஞ்சமாவது தந்தது; புதியது அத்தனையும் பருப்பில்லாத பொக்கு.

"காஞ்ச கொல்லையெல்லாம் கணக்குல சேக்காதம்மா. ரிசல்ட் கெட்டுடும்" என்றார் அதிகாரி.

"அதான் சார் ரிசல்ட்டு" என்றாய். காய்ந்த கொல்லைகளை விட்டுவிட்டு எழுதிய அறிக்கையில் நாம் இருவரும் கையெழுத்துப் போடவில்லை. உன்னைத் தெற்கேயும் என்னை மேற்கேயும் மாற்றினார்கள். கிளம்பும்வரை ஊர் ஊராகப் போய், மேட்டுக்கொல்லைக்காரர்களிடம் புதிய விதை வேண்டாமென்று சொன்னோம். குப்பம்மா ஊருக்குப் போக மட்டும் நாள் கிடைக்கவில்லை. பல வருடம் கழித்து, கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் நீ அதைத்தான் சொன்னாய்: "அந்த அம்மாகிட்ட மட்டும் சொல்லாம வந்துட்டோமே."

உன்னை அடக்கம் செய்த பிறகு நான் அந்த ஊருக்குப் போனேன். நீ இருக்கும்போதே உன்னையும் அழைத்துப் போயிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

குப்பம்மா கிழவியாகியிருந்தாள். நம் இருவரையும் நினைவிருந்தது. பொக்கானது மழையால்தான், விதையால் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னதை நம்பி, அடுத்த வருடமே அவர்கள் கொடுத்த புதிய விதையைக் கொல்லை முழுக்கப் போட்டாளாம். எல்லாம் பொக்காகிப் போக, குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், வயதான பிறகுதான் ஊர் திரும்பினாளாம்.

"நீங்க அப்புறம் வரவே இல்லியே. என் கொல்லையால உங்க வேலை கெட்டுப்போச்சு, அதான் வரலைன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள்.

அந்த அறிக்கையால் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கொல்லையைக் கணக்கில் சேர்க்கச் சொல்லித்தான் நீ சண்டை போட்டாய் என்றும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்குதா?"

நான் என் மறு கையையும் அவள் கைமேல் வைத்தேன். அவள் பிடித்த சூடு இன்னும் என் கையிலேயே இருக்கிறது. அது உனக்கு வந்து சேர வேண்டியது.