மருந்துத் துப்பாக்கிக்கு ஒன்பதே நாள்

சான் அபெல், கொலராடோ
ஜூன் 3

அன்புத் தம்பி செலஸ்தினோவுக்கு,

அக்கா ஓர்லிந்தா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அலாஸ்காவில் அந்த மீன் ஆலையின் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் போட்டால் பாதிப் பேச்சில் அறுந்துவிடுகிறது. இந்தச் செய்தியைப் பாதியில் அறுக்க எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேட்டைச் சீட்டுக் குலுக்கல் முடிவு வந்துவிட்டது, தம்பி! எனக்கும் சீட்டு விழுந்தது, உனக்கும் விழுந்தது!

பள்ளிக்கூடப் பஸ்ஸைக் காலி செய்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே போனைத் திறந்து பார்த்தேன். நான் போட்ட கூச்சலில் தலைமையாசிரியை ஓடி வந்து, "என்ன ஓர்லிந்தா, யாரையாவது இடிச்சிட்டியா?" என்றார். "எல்க் மான் சீட்டு, டீச்சர்!" என்றேன். அவர் கணவருக்கு ஏழு வருடமாக ஒன்றும் விழவில்லையாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச்சில் நீ கிளம்பும்போது உன் பேருக்கும் மனுப்போடட்டுமா என்று கேட்டேன். "என்னமோ பண்ணிக்கோ" என்றாய். பண்ணிக்கொண்டேன். இப்போது கோபப்படாமல் படி.

உனக்காக எந்தப் பருவத்துக்குப் போடுவது என்று நானும் பிரிசிலாவும் அவளுடைய முடிவெட்டும் கடையில் இரண்டு சாயங்காலம் மண்டையை உடைத்துக்கொண்டோம். உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், உன் வாயை அறிந்தவள் அவள். வில்லுக்குச் செப்டம்பர் மாதம் முழுவதும் இருக்கிறது. பெரிய எல்க்குக்கும் போகலாம், சின்ன மானுக்கும் போகலாம். ஆனால் இனி நாணை இழுக்கக்கூடாது என்று உன் தோளை அறுத்துத் தைத்த டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "விசை வில்லுன்னா நாணை இழுத்துப் பிடிக்க வேணாம். டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா வில் பருவத்துலயே அதை எடுத்துட்டுப் போகலாமாமே?" என்றாள் பிரிசிலா. "அதை அவன்கிட்ட நீயே சொல்லு. அந்த விசை வில்லாலயே உன்னை அடிப்பான்" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அதே செப்டம்பரின் நடுவில் மருந்துத் துப்பாக்கிக்கு ஒன்பது நாள். குழாயின் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் கெட்டிக்கிற பழைய வகை. ஒரே வெடிதான். தூரக்கண்ணாடி வைக்கக்கூடாது. ரைஃபிளுக்கு அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை நான்கு தவணை. முதல் தவணை எல்க்குக்கு மட்டும். மான் எதிரே வந்து நின்று கண்ணடித்தாலும் தொடக்கூடாது. நடுவில் உள்ள இரண்டு தவணைக்கும் ஆண் எல்க் சீட்டைக் கடையிலேயே வாங்கிவிடலாம். அதனால்தான் அப்போது மலையில் ஆள் கூட்டம் திருவிழாக் கூட்டமாக இருக்கிறது. மான் சீட்டு அப்படியில்லை. எந்த ஆயுதமானாலும், எந்தத் தவணையானாலும் குலுக்கல்தான்.

மான் சீட்டு விழாத வருடத்துக்கு ஒன்று என்று உன் கணக்கில் ஐந்து வருடப் புள்ளிகள் சேர்ந்து கிடந்தன. அத்தனையையும் கொட்டி உனக்கு நவம்பர் மூன்றாம் தவணை மான் சீட்டு கேட்டேன். கொழுத்த கொம்பன்கள் பெட்டைகளின் பின்னால் புத்தி கெட்டு அலையும் காலம்! விழுந்துவிட்டது. எனக்குச் செப்டம்பரில், மருந்துத் துப்பாக்கிக்கு, பெட்டை எல்க். இத்தனை வருடம் ரைஃபிள் கூட்டத்தில் இடிபட்டது போதும் என்று மாற்றிக் கேட்டேன். பிரிசிலா வேட்டைச் சாமான் கடையில் வில் சீட்டு வாங்கிவிட்டாள், ஆண் எல்க்குக்கு. அவளும் நானும் சேர்ந்தே போகப்போகிறோம்.

உன் வில் என் கொட்டகையில்தான் இருக்கிறது. அதை எங்கே வைத்துவிட்டுப் போனாயோ அங்கேயே இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கையுறை நனைந்தால் உடனே மாற்று.

உன் பிரியமுள்ள அக்கா,
ஓர்லிந்தா


சான் அபெல்
செப்டம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

அடித்துவிட்டேன்! பெட்டை எல்க், ஆறாம் நாள், ஒரே வெடி! அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நடந்ததை முழுவதும் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

முதல் ஐந்து நாளும் வெறும் நடைதான். மருந்துத் துப்பாக்கிக்காரர்கள் பளிச்சென்ற நிறம் உடுத்த வேண்டும் அல்லவா, ஆரஞ்சு கிடைக்காமல் நான் ரோஸ் நிறச் சட்டை வாங்கினேன். வில்லுக்காரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிரிசிலா இலைநிறத்தில் புதர் மாதிரி நடந்தாள். "அடியே, கல்யாண கேக்கு மாதிரி இருக்க. எல்க்கெல்லாம் உன்னை வெட்டித் திங்க வரும் பாரு" என்று ஐந்து நாளும் சிரித்தாள்.

ஆறாம் நாள் விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். ஆஸ்பென் மரங்கள் பாதி மஞ்சளாகியிருந்தன. பிரிசிலா மேட்டுப் பக்கம் போனாள், நான் ஓடைப் பக்கம் உட்கார்ந்தேன். திடீரென்று என் காதருகே ஒரு பிளிறல்! முப்பது கஜத்தில் கொம்பன், தம்பி. இரண்டு பக்கமும் ஆறாறு கிளை. மூக்கிலிருந்து ஆவி பறந்தது. என் கையில் மருந்து கெட்டித்த துப்பாக்கி, ஆனால் பையில் பெட்டைச் சீட்டு! ஆண் சீட்டு வைத்திருப்பவளோ மேட்டில். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமாதானமாக ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். பிற்பாடு இதைச் சொன்னதும் பிரிசிலா தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தாள். "ஒரு கத்தாவது கத்தியிருக்கலாம்லடி, பாவி!" என்றாள்.

அவன் பின்னாலேயே பெட்டைகள் வந்தன. எட்டோ ஒன்பதோ. ஓரத்தில் நின்ற ஒன்று, கன்று இல்லாதது, எனக்குப் பக்கம் காட்டி நின்றது. அறுபது கஜம். குறி பார்த்து விசையை அழுத்தினேன். 'டிக்'. அவ்வளவுதான்! மருந்தைப் பற்றவைக்கிற கேப் பனியில் நமத்துப் போயிருக்கிறது. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. நான் மூச்சை விடவில்லை. விரல் மரத்துப் போயிருந்தது. பழைய கேப்பை நகத்தால் கிள்ளி எடுத்து, புதியதை அமுக்கி வைப்பதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. அதுவரை அவள் நின்றாள். ஏன் நின்றாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

வெடித்தது. அப்புறம் ஒரே புகை. வெள்ளைப் புகை, போர்வை மாதிரி. ரைஃபிள் என்றால் மிருகம் விழுவதைப் பார்த்திருப்பேன். இதில் ஒன்றும் தெரியவில்லை. புகை விலகியபோது அங்கே யாரும் இல்லை. வெறும் புல்.

அடிபட்ட மிருகம் மிரண்டு இன்னும் ஓடாமலிருக்க அரை மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும் என்று தெரியும். உட்கார்ந்தேன். பிறகு பிரிசிலாவும் வந்து சேர, இரண்டு பேரும் தேடினோம். முதலில் ஒரு துளி. பத்தடி தள்ளி இன்னொரு துளி. அப்புறம் ஒன்றுமே இல்லை. முட்டி போட்டு ஒவ்வொரு இலையாகப் புரட்டினேன். மஞ்சள் இலையில் சிவப்பு எது, இயற்கையான புள்ளி எது என்று கண் மயங்கியது. எங்கோ ஒரு புதரில் அவள் இன்னும் உயிரோடு என் குண்டைச் சுமந்துகொண்டு நிற்கிறாள் என்று நினைத்து மறுபடியும் முதல் துளிக்கே திரும்பினேன். பிரிசிலா, "தோத்தாப் போவுது, போயிட்டு நாளைக்கு வந்து பார்ப்போமா?" என்றாள். "நீ போ. நான் வரல" என்றேன். அவளும் போகவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கம், விழுந்த மரத்துக்குப் பின்னால், நாங்கள் மூன்று தரம் தாண்டி நடந்த இடத்திலேயே படுத்திருந்தாள். ஓடிய சில நொடிகளிலேயே முடிந்திருக்கிறது. குண்டு சரியான இடத்தில்தான் பட்டிருந்தது. நான் அவள் கழுத்தில் கை வைத்து அழுதேன். அப்புறம் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அழுதுகொண்டே குதித்தோம், பைத்தியங்கள் மாதிரி.

இறைச்சியை நான்காகப் பிரித்து முதுகில் சுமந்து இறக்க மாலை ஆகிவிட்டது. நேற்று பச்சை மிளகாய்க் குழம்பு வைத்தேன். தெருவில் பாதிப் பேர் கிண்ணத்தோடு வந்தார்கள். தலைமையாசிரியை கூட வந்தார்.

தம்பி, அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். போன வருடம் நீ அம்பு விட்ட கொம்பனை மூன்று நாள் தேடினாய். தையல் காய்ந்து சில மாதம்கூட ஆகாத தோளோடு வில்லை இழுத்தாய், அம்பு பின்னால் தள்ளிப் பட்டுவிட்டது. நாலாம் நாள் வந்து வில்லை மாட்டிவிட்டு, யாரோடும் பேசாமல் இருந்தாய். பனி முடிந்ததும் அலாஸ்கா. அப்போது நான், "மலையில மிருகம் தொலையறது புதுசா? இதுக்குப் போயி இப்படியா?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் கேட்டேன். உனக்கு மூன்று நாள், தம்பி. இரண்டு மணி நேரத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. அந்த வார்த்தையை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

உன் இடத்தில் யார் இருந்தாலும் அதற்கு மேல் தேடியிருக்க முடியாது. எனக்கு வாய்த்தது விழுந்த மரத்துக்குப் பின்னால் இருந்தது. உனக்கு வாய்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்று. வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டு உன் சீட்டைப் பற்றிக் கேட்டேன். என் சீட்டில் மருந்துத் துப்பாக்கி என்றால் மருந்துத் துப்பாக்கிதான், வேறு எதையும் தொடக்கூடாதாம். "உங்க தம்பிது ரைஃபிள் தவணைம்மா. அதுல ரைஃபிளும் எடுக்கலாம், மருந்துத் துப்பாக்கியும் எடுக்கலாம், வில்லும் எடுக்கலாம். அவர் இஷ்டம்" என்றாள் அந்தப் பெண். அந்த "அவர் இஷ்டம்" என்பது எனக்கு மிகவும் பிடித்தது. ரைஃபிளை இடது தோளில் வைத்துச் சுடப் பழகலாம், பாறையில் சாய்த்தும் சுடலாம். ஒன்றையும் எடுக்காமலும் வரலாம். மானைப் பார்த்துவிட்டு வருவதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

உங்கள் ஆலை அக்டோபர் கடைசியில் மூடுகிறது என்றாய். குளிர்காலமும் அங்கேயே வேறு வேலை தேடப்போவதாகவும் சொன்னாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, நீ வளர்ந்த ஆள். ஆனால் நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை விடியும்போது மேட்டு ரோட்டு முனையில் பஸ் இல்லாமல், என் சொந்த வண்டியோடு நிற்பேன். குடுவையில் காபி இருக்கும், இரண்டு கோப்பை இருக்கும். ஒன்பது நாளும் நிற்பேன். பிரிசிலா, "அவன் வரலன்னா?" என்கிறாள். இரண்டாவது கோப்பையையும் நானே குடிப்பேன், ராத்திரித் தூக்கம் போகும், அவ்வளவுதான் என்றேன்.

கடவுள் உன் தோளுக்குப் பலம் தரட்டும், மனதுக்கு அதைவிட அதிகம் தரட்டும். வழியில் பனி இருந்தால் மெதுவாக ஓட்டு.

எப்போதும் உன் அக்கா,
ஓர்லிந்தா