நான் வாசிக்காமல் விட்ட வரி

ஜூலை 8, திங்கள்

அத்தை இன்றும் வந்தாள். அப்பாவின் அக்கா நவமணி. இதே எஸ்டேட் லயத்து வரிசையில் மூன்றாவது வீடு. அம்மாவுக்கு இரண்டு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. அதற்கு இவள் பேச்சு: "ஒழுங்கா இருக்கிற பொம்பளைக்கு அந்த எடத்துல நோவு வருமா?" அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். தட்டைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

வியாழக்கிழமை கோலா சிலாங்கூர் கிளினிக்கில் அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை. கடிதம் மலாய் மொழியில். நான்தான் வாசித்துச் சொன்னேன். புற்றுநோயா என்று பார்க்க உயிரணுக்கள் எடுப்பார்கள். அதில் கொஞ்சம் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கும் போகும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதன் வழியே விட்டால் இயந்திரம் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரையுமாம். நல்ல உயிரணுவுக்கு ஒரு மாதிரி, கெட்டதற்கு வேறு மாதிரி. டாக்டர் முடிவு செய்ய அது ஒரு துணை.

ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். இரண்டு நாளைக்கு முன்பிருந்தே உள்ளே எதையும் பூசவோ, போட்டுக் கழுவவோ கூடாது என்ற வரி. அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். அதை எப்படித் தமிழில் சொல்வது?

ஜூலை 11, வியாழன்

அம்மா விடியுமுன் மஞ்சள் குழைத்துக்கொண்டு குளிக்கப் போனாள். "வேத்து ஆளு பாக்கிற எடம்லா. சுத்தமா போகணும்."

கதவுக்கு வெளியே நின்றேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூலை 25, வியாழன்

கிளினிக்கிலிருந்து நர்ஸ் லீலாவதி மிஸ்ஸி போன் அடித்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "சாம்பிள் சரியா வரலக்கா. அந்த மிஷின் கோட்டுலயும் வேற என்னமோ கலந்திருக்காம். ஏதாச்சும் போட்டுக் கழுவுனீங்களா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல மிஸ்ஸி."

"மறுபடி எடுக்கணும்."

"ஒரு தடவ காட்டுனது பத்தாதா?" என்றார் அப்பா. "இனிமே எங்கயும் போவ வேணாம்." மூன்றாவது வீட்டில் அத்தைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதானே கத்துகிறார்.

ஜூலை 27

அம்மா தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போய் பாதியில் திரும்பிவிட்டாள். துணியெல்லாம் இரத்தம். என்னால்தான்.

ஜூலை 29, திங்கள்

சொல்லிவிட்டேன். அப்பா லோரி எடுத்துக்கொண்டு போன பிறகு, அடுப்படியில்.

அம்மா அறைந்தாள். காது இன்னும் ஙொய்யென்கிறது. "வாசிச்சுச் சொல்லத்தானே ஒன்னைப் படிக்கப் போட்டேன்?" பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "பஸ்ஸு எத்தன மணிக்கி?"

ஆகஸ்ட் 1, வியாழன்

பத்தாங் பெர்ஜுந்தாயில் பஸ் ஏறினோம். நான் பள்ளிக்கு மட்டம். வழியெல்லாம் அம்மா செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

லீலாவதி மிஸ்ஸி தலையில் கை வைத்துக்கொண்டார். "மஞ்சளா! நீங்க மட்டும் இல்லக்கா. இந்தப் பக்கம் எஸ்டேட்லேருந்து வர்ற பாதிப் பேரு கல்யாணத்துக்குப் போற மாதிரிதான் பூசிக்கிட்டு வர்றாங்க." அம்மா சிரித்தாள். என் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இந்தத் தடவை கோடு தெளிவாக வந்திருக்கிறது. கெட்ட மாதிரி. உயிரணுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்ததிலும் அதேதானாம். சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "யாரக் கேட்டுப் போன?"

"ஒங்க அக்காவக் கேட்டுட்டா சாவ முடியும்?"

அப்பா கதவை உதைத்தார். கீல் பிய்ந்து தொங்குகிறது. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அவரை வெறுக்கிறேன். என்னையும்.

செப்டம்பர் 3

சதைத் துணுக்கின் முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆரம்ப நிலை.

செப்டம்பர் 26, வியாழன்

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள் ஆகிறது. கருப்பையை எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை என்றார் டாக்டர்.

அத்தை ஆப்பிளோடு பார்க்க வந்தாள். அம்மா படுத்தபடியே, "வச்சிட்டுப் போங்க, அண்ணி" என்றாள். அப்பா கஞ்சி காய்ச்சினார்.

சாயங்காலம் கிளினிக்கிலிருந்து கடிதம். நான் கையை நீட்டினேன். அம்மா அதை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். லீலாவதி மிஸ்ஸி வாசிச்சுச் சொல்லுவாங்க."