ஆறாவது பெட்டிக்குள் ஒரு வண்டு

2 ஜூலை 2024, செவ்வாய்

கடைசி ஒயரையும் இன்று சோல்டர் வைத்து முடித்தேன். இது ஆறாவது ஹெட்போன் ஆம்ப். முந்திய ஐந்தும் எனக்காகச் செய்தவை. பொழுது போகவில்லை என்று செய்தேன் என்றால் பொய், ஆசைக்குத்தான் செய்தேன். இது என் புருஷனுக்கு. கட்டாரில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் பதினேழு வருஷம் நின்றுவிட்டு வந்த மனுசன். காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். கருவி ஒன்று வாங்குவோம் என்றால், "என்னக் கெழவனாக்கப் பாக்கிறியா புள்ள?" என்கிறார். வயது ஐம்பத்தாறு. தலையில் எத்தனை கறுப்பு மயிர் மிச்சம் என்று நான் எண்ணியே சொல்லிவிடுவேன்.

மகள் இர்ஷானா கொழும்பில் தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். நேரம் கிடைத்தால் குரல் பதிவு அனுப்புவாள், ஐந்து நிமிஷம் ஆறு நிமிஷம் என்று. முன்பெல்லாம் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்து நடந்து கேட்பார். இப்போது என்னிடம் நீட்டுகிறார். "நீ கேட்டுச் செல்லு." நான் சொல்வது சுருக்கம்தானே. பிள்ளையின் சிரிப்பை எப்படிச் சுருக்கிச் சொல்வது?

அதற்குத்தான் இந்தப் பெட்டி. போனைச் செருகினால் அவள் குரல் தெளிவாக, கொஞ்சம் பெரிதாக வரவேண்டும். பிஸ்கட் டின் ஒன்றில் அடைத்திருக்கிறேன். பிஸ்கட் வாசம் இன்னும் போகவில்லை.

3 ஜூலை

அந்திக்கு மஃரிப் தொழுதுவிட்டு வந்தவரை இருத்தித் தலையில் மாட்டிவிட்டேன். இர்ஷானா "வாப்பா" என்றதும் திரும்பி வாசலைப் பார்த்தார். மகள் வந்து நிற்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

நான் குசினிக்குள் போய் அழுதேன். சாட்டுக்கு வெங்காயம் அறுத்தேன்.

8 ஜூலை, திங்கள்

காலை பத்தரைக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போன் எடுத்தார். பௌதிக ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. அவர் கத்தியதில் ஆய்வுகூடம் முழுக்கக் கேட்டது.

"இரையுது புள்ள! உள்ளுக்க வண்டு கிடக்கிற மாதிரி! புள்ளட குரல் அதுக்குள்ள தாண்டு போகுது!"

கூட வேலை செய்யும் திவாகரன் சிரித்தான். "வாவியில மீன் பாடுறது காணாதெண்டு உங்கட டின்னும் பாடுதா அக்கா?" இங்கே வாவி மீன் இரவில் பாடும் என்பார்கள். அந்தப் பகிடியை விட்டால் இவனுக்கு வேறு பகிடி தெரியாது.

மஃரிபுக்கு அவர் கிணற்றடிக் குழாயில் முகம் கைகால் கழுவி ஒழு எடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். இரவுத் தொழுகை இஷாவும் முடிந்துதான் வருவார். தொழுதுவிட்டுப் பெட்டியோடு இருக்க எனக்குக் கிடைப்பது அந்த ஒரு மணித்தியாலம்தான். மாட்டிக் கேட்டேன். ஒரு இரைச்சலும் இல்லை.

11 ஜூலை

இன்றும் பத்தரைக்குப் போன். இன்றும் வண்டு. பின்னேரம் கொண்டென்சர் இரண்டையும் மாற்றினேன். மஃரிபுக்குப் பிறகு கேட்டேன். சுத்தம்.

17 ஜூலை

ட்ரான்ஸ்போமரையும் மாற்றியாயிற்று. எனக்குச் சுத்தம். அவருக்கு வண்டு.

20 ஜூலை, சனி

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

காலையில் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஹெட்போனைத் தலையில் வைத்தபடியே ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "இப்ப இரையுது, ஓடி வந்து கேளு." கையெல்லாம் செதில். அதைவிட, மனமெல்லாம் எரிச்சல். நான் சோல்டர் வைத்த இடத்தில் பிழை வந்ததில்லை என்ற திமிர் வேறு.

"பெட்டியில ஒண்டுமில்ல! மூணு தரம் பாத்திட்டன்! உங்கட காதுக்குள்ளதான் இரையுது!"

அவருக்குக் கேட்கவேண்டும் என்று கத்தித்தான் சொன்னேன். நன்றாகவே கேட்டது.

ஹெட்போனைக் கழற்றினார். ஒயரை ஒழுங்காகச் சுற்றினார். "அப்ப சரி. மிச்சமும் போகுது போல" என்றார். பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஓடிப்போய் ஒருக்காக் கேட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் எனக்கு?

4 ஆகஸ்ட்

மறுபடியும் போனை என்னிடம் நீட்டுகிறார். "நீ கேட்டுச் செல்லு." சுருக்கிச் சொல்கிறேன். தலையாட்டுகிறார். மகள் சிரித்த இடத்தை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

23 ஆகஸ்ட், வெள்ளி

மண்ணைக் காயவைக்கும் கச்சான் காற்று அடித்து ஓயவில்லை. முற்றத்து மண் மாவாகக் கிடக்கிறது. தண்ணீர் மோட்டரும் பழுதாகி, மோட்டர் திருத்தும் பஹ்மி அதைக் கழற்றிக்கொண்டு போய் நாலு நாள். கிணற்றில் அள்ள இவருக்குத் தோள் வலி. அதனால் ஒழுவும் பள்ளியில்தான்.

மஃரிபுக்கு அவர் போனதும் அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கினேன். மகளின் குரலைக் கேட்கத்தான்.

இரைந்தது. வண்டேதான். அவர் சொன்ன அதே வண்டு.

முதலில் என் காதும் போய்விட்டதா என்று பயந்தேன். கழற்றிவிட்டுக் காற்றுச் சத்தத்தைக் கேட்டேன். காது நன்றாக இருக்கிறது.

24 ஆகஸ்ட், சனி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த சந்தோஷம் ஐந்து நிமிஷம்தான் இருந்தது.

வீட்டின் எர்த் கம்பி கிணற்றடியில் இறங்குகிறது, அவர் குந்தி ஒழு எடுக்கும் கல்லுக்குப் பக்கத்தில். மண் ஈரமாக இருந்தால் கரண்டோடு வரும் இரைச்சல் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விடும். காய்ந்த மணல் அதை வாங்காது. அது ஹெட்போனுக்குள் வந்துவிடும். இதை ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுப்பவளே நான்தான்.

கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் கம்பியடியில் ஊற்றிவிட்டு ஓடிவந்து கேட்டேன். குறைந்திருந்தது. இன்னொரு வாளி. நின்றுவிட்டது.

அப்படியென்றால் நான் கேட்ட ஒவ்வொரு தடவையும் அவர் ஒழு எடுத்துவிட்டுப் போன கையோடுதான் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டதோ காலை பத்தரைக்கு, விடியற்காலை சுபஹுக்கு ஊற்றிய தண்ணீர் வெயிலில் காய்ந்த பிறகு. அன்று நான் மீன் கழுவிய இடம்கூட இரண்டு பாகம், பன்னிரண்டு அடி தள்ளித்தான், அந்தத் தண்ணீர் கம்பிக்கு எட்டவில்லை.

என் வாப்பா சீதனமாகக் கட்டித் தந்த வீடு. வீடு என்னுடையது, எர்த் கம்பி என்னுடையது, பெட்டி என்னுடையது. பழியை மட்டும் அவர் காதில் போட்டேன்.

25 ஆகஸ்ட்

சொல்லவேண்டும். ஆனால் எப்படி? மெல்லச் சொன்னால் அவருக்குக் கேட்காது. கத்திச் சொன்னால் பக்கத்து வீட்டு ஸாதியாவுக்குக் கேட்கும். நாளைக்கு ஏறாவூர் முழுக்கக் கேட்கும்.

குசினிக் கதவைச் சாத்திவிட்டு அவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். முப்பது வருஷத்தில் அவருக்கு நான் அனுப்பிய முதல் பதிவு. கம்பியடியில் இரண்டு வாளி ஊற்றினேன். ஹெட்போனை எடுத்து நானே மாட்டிவிட்டேன். வேண்டாம் என்று கையால் தள்ளினார். விடவில்லை.

"இஞ்சேருங்க. இரைஞ்சது பெட்டிதான். உங்கட காதில்ல. பிழை என்ட. நான் அப்பிடிச் செல்லியிருக்கக் கூடாது."

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்லச் சொன்னார்:

"வெளங்கல்ல. இன்னொருக்காப் போடு."

போட்டேன்.

"இன்னும் வெளங்கல்ல."

மூன்றாம் தரம் போட்ட பிறகுதான் வாயோரத்துச் சிரிப்பைக் கண்டேன். கள்ளன்! முதுகில் ஒன்று போட்டேன். இப்படி ஒரு மனுசனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், எனக்கு இவர்தான் வேண்டும்.

30 ஆகஸ்ட்

மோட்டர் வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு அவரே கம்பிக்கு ஒரு வாளி, பிறகு மகளின் பழைய பதிவுகள். கேட்காமல் விட்டது முப்பத்தொன்றாம். வரிசையாகக் கேட்கிறார். எனக்குப் போன் எடுத்து எனக்குத் தெரிந்ததையே எனக்குச் சொல்கிறார். "அவள் சிரிச்சத நீ செல்லவே இல்லையே?"

7 செப்டம்பர், சனி

பழையதைத் தேடும்போது, அவரே மகளுக்கு அனுப்பிய பதிவு ஒன்றில் கை பட்டுவிட்டது. துள்ளி எழும்பி ஹெட்போனைக் கழற்றினார்.

"இப்பிடியா புள்ள நான் கத்துறன்?"

ஓம் என்றேன். எத்தனை வருஷமாக என்று கேட்டார். அதைச் சொல்லவில்லை.

20 ஒக்டோபர், ஞாயிறு

இரண்டு நாளாக மழை. முற்றம் வெள்ளம். இவர் குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் கம்பிக்கு ஒரு வாளி ஊற்றிவிட்டு வருகிறார். பைத்தியமா என்று சைகை காட்டினேன். "கிடக்கட்டும்" என்கிறார்.

இர்ஷானா இன்று எனக்குத் தனியாக ஒரு பதிவு அனுப்பியிருந்தாள். "உம்மா, வாப்பாக்கு என்ன? முந்திக் கத்திக் கதைப்பாங்க. இப்ப மெல்லமாக் கதைக்கிறாங்க. என்னோட கோவமா? நான் ஏதும் பிழை செஞ்சிட்டனா?"

அதை அவருக்கு மாட்டிவிட்டேன். முழுவதையும் கேட்டார். போனை வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"கோவமில்ல மகள். இப்ப கேக்குது, அதான்."