கல்லரசனின் மூக்கு

இல்ஃபோர்ட், லண்டன்
12.01.2025

அன்புள்ள ஜெனோஜாவுக்கு,

ஓர் அறைக்குள் ஐந்து பேர். மற்றவர்கள் கேட்கத் தொலைபேசி எடுத்தால் பொய்தான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

அருங்காட்சியகத்தில் எகிப்திய மண்டபத்தைத் துடைப்பது என் வேலை. அங்கே கருங்கல்லில் ஓர் அரசன், மூக்கு உடைந்தவன். செதுக்கியவன் கண்ணுக்குக் கீழிருக்கும் களைப்பைக்கூட விடவில்லை. பின்னால் வந்த அரசன் அவன் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரை வெட்டிக்கொண்டானாம்.

என் கதையும் அதுதான். எனக்கு விசா இல்லை. மச்சான் ஜெஸ்ரினின் அடையாள அட்டையில், அவன் பெயரில் வேலை செய்கிறேன். மேற்பார்வைக்காரி இசபெல் "ஜெஸ்ரின்" என்றால் இப்போது யோசிக்காமல் திரும்பிவிடுகிறேன். எகிப்திலிருந்து அள்ளிவந்த கல்லுக்குக் கண்ணாடிப் பெட்டி, விளக்கு, காவல். அதனிடம் ஒருவரும் விசா கேட்பதில்லை.

இதனுடன் அதன் படம், பிள்ளை துஷ்யாவுக்கு. பதிலை ஜெஸ்ரின் பெயருக்கு அனுப்பு.

உன்
புவனேந்திரன்

சாவகச்சேரி
03.02.2025

அன்பின் புவனுக்கு,

உங்கள் சுகம் பற்றி ஒரு வரியும் இல்லை, கல்லின் சுகம் ஒரு பக்கம்.

ஆறு மாதக் குழந்தையாக நீங்கள் விட்டுப்போன பிள்ளை, அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்டி "இதுதான் எங்கட அப்பா" என்றிருக்கிறாள். வந்து என்னைக் கேட்கிறாள்: "அம்மா, அப்பாவின்ர மூக்கை ஆர் உடைச்சது?"

வழக்கறிஞரிடம் போய் உங்கள் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். அடுத்த கடிதத்தை உங்கள் பெயருக்கே போடுவேன். வாங்குங்கள்.

ஜெனோஜா

இல்ஃபோர்ட்
26.02.2025

ஜெனோஜா,

அப்படிச் செய்யாதே. குடிவரவு அதிகாரிகள் வீட்டுக்கு வந்து ஆட்களைச் சரிபார்க்கிறார்கள். என் பெயரில் ஒரு கடதாசித் துண்டு அகப்பட்டாலும் ஜெஸ்ரினுக்கும் ஆபத்து. இன்னும் ஒரு வருடம் பொறு.

புவன்

சாவகச்சேரி
10.04.2025

உங்களுக்கு,

உங்கள் பெயருக்குப் போட்ட கடிதம் நேற்றுத் திரும்பி வந்தது. உறையில் ஆங்கிலத்தில், இந்தப் பெயரில் இங்கே ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தது. வேறு யாராவது எழுதியதாக இருக்கட்டும் என்று மூன்று தரம் பார்த்தேன். உங்கள் எழுத்துத்தான்.

உறை பிரிக்கப்படவே இல்லை. உள்ளே துஷ்யா வரைந்த படம் இருந்தது. கல்லரசனுக்கு மூக்கு வைத்திருக்கிறாள். கீழே உங்கள் பெயரை எழுத இரண்டு கிழமை பழகினாள்.

இது கையில் கிடைக்கவேண்டும் என்பதால் உறையில் ஜெஸ்ரின் என்றே எழுதுகிறேன். ஜெஸ்ரினுக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம் இது. புவனேந்திரன் எழுதினால் பதில் போடுவேன்.

ஜெனோஜா