ஜெஞ்சாரோம் வீட்டின் ரெட்டைக் கதவு

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்க இருக்கிற இடத்தில் கூரை ஒழுகாது என்று நம்புறேன். இங்கே உங்க வீடு பாதி எழும்பியாச்சு. ஆனா போன வாரம் வரைக்கும் மாமா மேல எனக்குச் சந்தேகம்.

லோரி ஓட்டாத ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணக்கு நோட்டில் வரைஞ்சீங்களே, கிராமத்து மாளிகையாம், "கம்பத்து வில்லா" என்று பேரும் வச்சு, அதைத்தான் ஜெஞ்சாரோம் நிலத்தில் கட்டுறோம். அடியில் காத்து போக, தாழ்வான தூண்கள் மேல வீடு. ரோட்டுக் கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியாம, காத்தை மட்டும் விடுற சாய்வுப் பலகை ஜன்னல். பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்கள் விருந்துக்கு வந்தா அவங்க வழக்கப்படி சமையலறை வழியாத்தான் ஏறுவாங்க என்று அங்கே தனிப் படி. காசு கொஞ்சம், அதனால மூணே அறை. ஒண்ணு எனக்கு.

வேலையைக் கிள்ளானில் வீடு கட்டித் தர்ற மாமாகிட்ட, அதாவது அம்மாவோட தம்பிகிட்ட கொடுத்தோம். அங்கேதான் கோளாறு. அவர் டேப் நீள நீள என் அறை குறுகுது! முன்வாசலுக்கு நீங்க போட்டது ஒத்தைக் கதவு. இப்போ ரெட்டைக் கதவு. ஹாலில் இருந்த தடுப்பைக் காணோம். முன்படி இருந்த இடத்தில் சரிவு. என் அறையில் ரெண்டு அடி அபேஸ். "சிமெண்டுக்கே இழுபறி" என்று தினம் புலம்புற மனுஷனுக்கு இதெல்லாம் எதுக்கு?

யோசிங்கப்பா. சரிவு யாருக்கு வேணும்? சூட்கேஸை உருட்டிக்கிட்டு வர்றவனுக்கு. வாரக்கடைசி வாடகைக்கு விடத் திட்டம் போடுறார்! வில்லன் இல்லாத வில்லா ஏது?

கூட்டாளி போனிலிருந்து, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மாமாவைக் கூப்பிட்டேன்.

"ஹலோ பாஸ், ஜெஞ்சாரோம் வில்லா ரெண்டு நாளைக்குக் கிடைக்குமா?"

"எந்த வில்லா ஆன்டி? அது எங்க அக்கா வீடு லா. வாடகைக்கு இல்ல."

பதினாறு வயசில் ஆன்டி ஆனதுதான் மிச்சம். பதில் சரிதான். ஆனா கள்ளனும் அப்படித்தானே சொல்வான்?

போன சனிக்கிழமை அம்மாவோட நானும் அங்கே போனேன். மாமாவை நேராவே மடக்கினேன்.

"இது வீடா, கல்யாண மண்டபமா? என் ரெண்டு அடியை எங்கே கடத்துனீங்க?"

"ஐயோ, அது நான் இல்ல. உங்கம்மாகிட்ட கேளு தாயே. அவ அறையைத் தொடாதக்கான்னு நான் சண்டையே போட்டேன்."

கதவில்லாத வாசலில் நின்ற அம்மா திரும்பவே இல்லை. "நான்தான் சொன்னேன்" என்றார்கள். "அப்பாவை எப்படி இறக்குனோம்னு மறந்துட்டியா?"

மறக்கலப்பா. செந்தூல் ஃபிளாட்டில் எட்டாவது மாடி. ஹாலில் பெட்டியை வச்ச பிறகு உங்களைச் சுத்தி வர இடமில்லாம, ஒரு பக்கமா நின்னே வாய்க்கரிசி போட்டோம். லிஃப்டில் பெட்டி நுழையல. படிக்கட்டு திரும்புற ஒவ்வொரு இடத்திலும் உங்களைச் சாய்ச்சுச் சாய்ச்சுத் தூக்கினாங்க. "மெதுவா, அவருக்குத் தலை இடிக்கும்" என்று அம்மா எட்டு மாடியும் கத்திக்கிட்டே வந்தாங்க.

"இந்த வீட்டிலிருந்து யாரையும் சாய்ச்சுக் கொண்டுபோகக் கூடாது" என்றார்கள் அம்மா. மாமா டேப்பைச் சுருட்டினார்.

மாமா மேல இருந்த சந்தேகம் தீர்ந்தது. இப்போ அம்மா மேல. யாருக்காக அந்த வாசலை அளந்தாங்க? வீட்டுக்கு வந்ததும் அவங்க கைப்பையைச் சோதனை போட்டேன். ஆஸ்பத்திரி கார்டு எதுவும் இல்லை. தலைவலித் தைலமும் ரெண்டு புளிப்பு மிட்டாயும்தான். கையும் களவுமா பிடிச்சுட்டாங்க.

"என்னடி தேடுற?"

"நீங்க நல்லா இருக்கீங்களான்னு."

"நல்லாத்தான் இருக்கேன். வீடுன்னா எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணும்" என்று மிட்டாயைப் பிடுங்கிக்கிட்டாங்க. நம்பலாமாப்பா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

ஒரு சத்தியம் பண்றேன். ரெண்டு அடியைத் திருப்பிக் கேட்க மாட்டேன். ஆனா ரெட்டைக் கதவு மாட்டுற அன்னிக்கே, சைக்கிளில் சரிவு ஏறி, ஹாலை முழுசா ஒரு சுத்து சுத்துவேன். புதுத் தரையில் டயர் தடம் பார்த்து அம்மா துடைப்பத்தோட துரத்தணும். அந்த வாசல் முதல்ல கேட்கிறது அவங்க திட்டாத்தான் இருக்கும்.

உங்க பேரைச் சொல்லியே இன்னும் அடிக்குத் தப்பிக்கிற ஒரே மகள்,
யாழினி