சேத்துப்பட்டு ரோட்டில் போன வாசனை

1978 மார்ச் 4, சனி

மத்தியானம் மரத்தூள் அடுப்பைப் பற்றவைத்துக் காபிக் கொட்டை வறுத்தேன். ஏற்காட்டுப் பச்சைக் கொட்டை, அரை கிலோ. லாரி ஓட்டும் பவுல்துரை கொண்டுவந்து கொடுத்தது. அவன் கதை தனிக்கதை, சேலத்தில் ஒரு குடும்பம் இங்கே ஒரு குடும்பம் என்று ஊரே பேசுகிறது. கொட்டை மட்டும் நம்பிக்கையாகக் கொண்டுவருவான்.

எனக்கு வறுக்கத் தெரிந்தது மூக்கால்தான். கன்னியர் மடத்துச் சமையலறையில் பத்து வருஷம் இருந்தேன், மளிகைச் சீட்டு எழுத எழுதத்தான் எழுத்தும் வந்தது. அங்கே இருந்த பெங்களூர் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது இதுதான்: முதலில் புல் வாசனை வரும், அப்புறம் நெல் அவிக்கிற வாசனை, அப்புறம் வேர்க்கடலை. அதற்கும் மேலே ஒன்று வரும், அதற்குப் பேர் கிடையாது. அது வந்ததும் இறக்கிவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் கரி.

இன்றைக்கு ஒன்றுமே வரவில்லை. சும்மா புகை கண்ணைக் கரித்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டே கிளறினேன். மாலையின் ஐந்து பத்துமணிச் சுற்றும் முடிந்தபோது நிறம் பார்த்து இறக்கினேன். சரியா, தெரியாது.

சைக்கிளிலிருந்து விழுந்து மூன்று வாரம் ஆகிறது.

மார்ச் 5, ஞாயிறு

பூசை முடிந்து ஏழு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். எல்லாரும் என்றால் இரண்டு பேர். பட்டுக்குச் சாயம் போடுகிற தனக்கோடி, தாலுகா ஆபீஸ் துரைக்கண்ணு. என் வீட்டுக்காரர் சவரிமுத்துவோடு மூன்று. ஞாயிறானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு படவேடு, தேவிகாபுரம், ஒரு தடவை செஞ்சிக்கோட்டை வரைக்கும். எதற்கு என்றால் சும்மாதான்! ஏற்றத்தில் யார் இறங்காமல் மிதிக்கிறார்கள் என்று பார்க்க. பெடலுக்கு எந்த எண்ணெய், டயருக்கு எவ்வளவு காற்று என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். கிளம்புவதற்கு முன்னால் என் காபி.

முதலில் வந்த கதையை எழுதி வைக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் தனக்கோடிக்கு எங்கள் காலனி வாசலில் பஞ்சர். இவர் ஒட்டிக்கொடுத்தார், நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். வாசனை தாங்காமல், "எனக்கும் ஒண்ணு குடுங்கக்கா" என்று அவராகவே கேட்டார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எங்களுக்கு ஆணியில் தொங்குகிற கிளாஸ் தனி. அப்படி இருக்கிற ஊரில் சாயக்காரர் வீட்டுப் பிள்ளை எங்கள் டம்ளரில் வாய்வைத்துக் குடித்தார். அடுத்த மாசம் துரைக்கண்ணுவையும் கூட்டிவந்தார். எல்லாம் அந்த வாசனையால் வந்தது. வேறு என்ன இருக்கிறது எங்களிடம்?

இன்றைக்கும் "நல்லா கீதுக்கா" என்றார் தனக்கோடி. நான் வாயில் வைக்கவில்லை. தவக்காலத்தில் காபி விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்தான்.

மார்ச் 8

வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்குக்கு ஒன்றும் இல்லை. சாக்கடை ஓரம் போய் நின்றேன். கருவாட்டைத் தீயில் காட்டினேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, "கருவாடு போட்டு ஊரையே இழுக்கறியே" என்று கத்தினாள். ஊருக்கெல்லாம் வருகிறது.

மார்ச் 11, சனி

கைவலிக்குக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். பின்மண்டையில் அடிபட்டால் மூக்குக்குப் போகிற நரம்பு அறுந்துபோகுமாம். "ஆறு மாசம் பாக்கலாம்மா. வந்தா வரும்." வராவிட்டால்? அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இவரிடம் எப்படிச் சொல்வேன்? விழுந்த அன்றைக்குச் சேத்துப்பட்டு மாதாகோவில் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தோம். நான் கேரியரில். இறக்கத்தில் இவர் இரண்டு கையையும் விட்டுவிட்டு, "பார்ரீ!" என்றார். நாற்பத்திரண்டு வயசு ஆள். நான்தான் சிரித்தேன், நான்தான் இன்னும் ஜல்தியாப் போங்க என்றேன். குழி வந்தது. சொன்னால் இந்த மனுஷன் இனி சைக்கிளில் ஏறமாட்டார். சைக்கிள் ரிப்பேர்க் கடை வேலையில் வாரம் பூராவும் குனிந்து கிடக்கிறவர், ஞாயிற்றுக்கிழமைதான் நிமிர்கிறார்.

என் கைக்கட்டைப் பார்த்துவிட்டுப் பாவம் இன்று சாயங்காலம் பாத்திரம் எல்லாம் அவரே கழுவினார்.

மார்ச் 12, ஞாயிறு

என்ன நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

டிகாஷன் நல்ல கருப்பாக இறங்கியிருந்தது. எப்போதும் இழுத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்குகிற ஃபில்டர், இன்று ஓடியது. பால் பொங்கியது. மூன்று டம்ளரும் கொடுத்தேன். துரைக்கண்ணு ஒரு வாய் குடித்தார். அப்புறம் தனக்கோடியைப் பார்த்தார். தனக்கோடி கண்ணில் தண்ணீர், ஆனால் நிறுத்தாமல் மடமடவென்று குடித்தார், மருந்து குடிக்கிற மாதிரி. நல்லா கீதுக்கா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இவர் மட்டும் வழக்கம்போல ஊதி ஊதிக் குடித்தார்.

போன பிறகு கூட்டும்போது தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒரு டம்ளர். நிறையக் காபி. ஒரு வாய்தான் குறைந்திருக்கிறது. துரைக்கண்ணு டம்ளர்.

ஒளித்து வைத்திருக்கிறார்.

மார்ச் 13

நாலு வருசம் குடிச்சாங்களே, அப்பல்லாம் இன்னா ஜாதி நாங்க? அப்பல்லாம் தெர்லியா? வாசன இருந்த வரைக்கும் மனுசங்க. அது போனா, டிரம்முக்குப் பின்னாடி.

கரிச்சி வச்சிட்டேனோ. அதத்தான் வாயத் தொறந்து சொல்றது. சொன்னா இன்னா?

மார்ச் 19, குருத்தோலை ஞாயிறு

யாரும் வரவில்லை.

பூசையில் பிடித்துவந்த குருத்தோலையைக் கதவில் செருகிவிட்டு டிகாஷன் போட்டு வைத்தேன். இவர் செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்று அமுக்கிப் பார்த்து, மணியைத் துடைத்து, மறுபடி காற்று அமுக்கிப் பார்த்து, எட்டு மணி வரைக்கும் நின்றார். "சாயப் பட்டறைல வேல போல" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஏது பட்டறை? தனியாக ஏரிக்கரை வரை போய் அரைமணியில் திரும்பிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லை.

காபியை வேப்பமரத்தடியில் ஊற்றினேன்.

மார்ச் 24, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையில் சாம்பிராணி போட்டார்கள். புகை முகத்தில் பட்டது. ஒன்றும் இல்லை. ஆண்டவருக்காக அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மார்ச் 26, ஈஸ்டர்

தவக்காலம் முடிந்தது. நாற்பது நாள் கழித்துக் காபி குடித்தேன். சூடு இருந்தது. இனிப்பு இருந்தது. கொஞ்சம் கசப்பு. காபி இல்லை.

இன்றைக்கும் யாரும் வரவில்லை. இனி வரமாட்டார்கள்.

கறி அடுப்பில் இருந்தது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இவர் தெருவிலிருந்தே ஓடிவந்தார். "இன்னாமே, தீஞ்சி நாறுது, குந்திகினு கீற?"

நான் சட்டியைப் பார்த்தேன். அப்புறம் அவரைப் பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எப்பத்துலருந்து?"

விழுந்த நாளிலிருந்து என்று அவரே கணக்குப் போட்டுவிட்டார். சட்டியை இறக்கி வைத்தார், கை சுட்டதுகூடத் தெரியாமல்.

மார்ச் 27

காலையில் எழுந்து பார்த்தால் சைக்கிளில் கேரியர் இல்லை. கழற்றிப் பரண்மேல் போட்டிருக்கிறார். ஸ்குரூ நாலையும் காகிதத்தில் மடித்து அதன்மேல் வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 2, ஞாயிறு

சைக்கிள் மணி கேட்டது. நான் வெளியே போகவில்லை.

தனக்கோடி. இளைத்துப் போயிருந்தார். சின்ன மகளுக்கு அம்மை போட்டிருந்ததாம், பதினைந்து நாள் வேப்பிலை செருகின வீட்டிலிருந்து வெளியே கால் வைக்கவில்லை, நேற்றுத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்களாம். அவர் பெண்சாதி ரேணுகாம்பாள் ரொம்பக் கண்டிப்பு, அம்மா வந்திருக்கிற வீட்டிலிருந்து சொல்லியனுப்பக்கூட விடமாட்டாள். பதினைந்து நாளாக இந்த மனுஷனை மனசுக்குள் என்னவெல்லாம் சொன்னேன்.

ஆனால் டிரம்முக்குப் பின்னால் வைத்த டம்ளர்? கேட்டே விட்டேன்.

அவர் இவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்கக்கா. அன்னிக்கி காபில ஒரே மண்ணெண்ண."

இவர் மூஞ்சி வெளுத்துவிட்டது. விஷயம் இதுதான்: அந்தச் சனிக்கிழமை எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஃபில்டர் ஓட்டை அடைப்பை எல்லாம் எடுத்திருக்கிறார். எப்படி? ஃப்ரீவீல் கழுவுகிற மாதிரி. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொரு ஓட்டையையும் ஸ்போக் கம்பியால் குத்தி, பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்புத்தூள் போட்டு அலசி. "என் கையே எந்நேரமும் அந்த நாத்தந்தானே, எனக்கு இன்னா தெரியும்" என்றார். அதையும் ஊதி ஊதிக் குடித்தாரே!

"அப்ப நீங்க ஏன் தம்பி முழுசாக் குடிச்சீங்க?"

தனக்கோடி கொஞ்ச நேரம் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். "உங்க வூட்ல நான் டம்ளர கீழ வெச்சா அது வேற மாரி ஆயிடும்க்கா. அதான்."

துரைக்கண்ணு?

"அவரு இப்ப போளூர் சைக்கிள் ஆளுங்களோட சேந்துகினாரு." காரணம் மண்ணெண்ணெயா, மற்றதா? அந்த ஆளுக்கே தெரியுமோ தெரியாதோ.

மூக்கு போன விஷயத்தை அப்போதுதான் தனக்கோடியிடம் சொன்னேன். இரண்டு ஆம்பிளைகளும் தரையைப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 16

வறுத்தது கரி. மறுபடி வறுத்தேன், பச்சை. அரை கிலோவும் போச்சு. ஜெபமாலை மனசோடு சொன்னால் நீளும், கவலையோடு சொன்னால் ஓடும் என்று இப்போது தெரிகிறது.

மே 28, ஞாயிறு

இனி வறுப்பதில்லை. பஜாரில் சிக்கரி கலந்த தூள் நூறு கிராம் வாங்கிவந்தேன். தனக்கோடி குடித்துவிட்டு, "நல்லா கீதுக்கா" என்றார்.

பொய். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மண்ணெண்ணெயைக் குடித்த அதே முகம். இவரும் நல்லா கீது என்கிறார். இனிமேல் இந்த வீட்டில் ஒருத்தரும் எனக்கு உண்மை சொல்லப்போவதில்லை. நான் வேற சாதி என்று ஒருத்தர் பொறுத்துக்கொள்கிறார், என்னைக் கீழே தள்ளினோமே என்று ஒருத்தர் பொறுத்துக்கொள்கிறார். பொறுத்துக்கொள்ளப்பட்டு எவ்வளவு நாள் இருப்பது?

ஜூலை 9

நல்லா கீதுக்கா.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஆறு மாசம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. காலையில் எழுந்ததும் தலையணையை முகர்ந்தேன். அவர் சட்டையை முகர்ந்தேன். அந்த மண்ணெண்ணெய் நாற்றத்தைக் கல்யாணமான புதிதில் எவ்வளவு திட்டியிருப்பேன், பேஜார் மனுஷன், வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வா என்று. இப்போது முகத்தை அதிலேயே புதைத்துக்கொண்டு கிடந்தேன். சும்மா துணி.

வராது.

செப்டம்பர் 17

இவர் இன்று போகவில்லை. டயர் தேய்ந்துவிட்டதாம். புது டயர் ஆணியில் தொங்குகிறது. தனக்கோடி மட்டும் என் காபியைக் குடித்துவிட்டுத் தனியாகப் போனார். ஏன் வருகிறார் என்று இருக்கிறது. வராவிட்டால் என்ன ஆகும் என்றும் இருக்கிறது.

அக்டோபர் 8, ஞாயிறு

ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. தனக்கோடி சேறாக வந்தார். இவரை எழுப்பி, டயரை மாட்டச் சொல்லி அவரே காற்றும் அடித்தார். நான் டம்ளரை நீட்டினேன். ஒரு வாய் குடித்தார்.

டம்ளரைத் தரையில் டங்கென்று வைத்தார்.

"யக்கா, இது காபியா? கஞ்சித்தண்ணில புளியங்கொட்டையக் கரைச்ச மாரி கீது. நாலு மாசமாப் பாத்துகினு கீறேன். ஏத்தத்துல நெஞ்ச கரிக்குது. என்னால முடியாது."

"டேய் தனக்கோடி..." என்று இவர் எழுந்தார்.

"நீ சும்மா இருண்ணே, நீயுந்தான் குடிக்கற, உனுக்கு வாய் இல்ல?" என்றவர், டம்ளரை எடுத்துப் போய் சாக்கடையில் கவிழ்த்தார். தண்ணீர் டிரம்மில் முக்கிக் கழுவினார். திரும்பக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "வேற போடு."

எங்கள் வீட்டில், எங்கள் டம்ளரை, எல்லாரும் பார்க்கக் கவிழ்த்தார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாகூடப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வேற போட என்கிட்ட ஏது மூக்கு?" என்றேன். ஒரேயடியாகக் கத்திவிட்டேன்.

"எனுக்கு கீதே. ஒண்ணுக்கு ரெண்டு ஓட்ட."

இவர் சிரித்துவிட்டார். எட்டு மாசத்தில் முதல் தடவை.

பவுல்துரை போன வாரம் கொடுத்துவிட்டுப் போன பச்சைக் கொட்டை பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அடுப்பில் மரத்தூளை இடித்து நிரப்பினேன். மழை ஈரம், பற்றவே இல்லை, இவர் ஊதிப் பற்றவைத்தார். தனக்கோடி சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து வாணலிக்குப் பக்கத்தில் சேற்றுக் காலோடு குந்தினார்.

"புல் வாசன வருதா?"

"வர்ல."

"இப்ப?"

"நெல்லு அவிக்கறாப்ல கீது."

நான் கிளறிக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை, வரவும் வராது. வேர்க்கடலை என்றார். அப்புறம் கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். "யக்கா, இதுக்கு இன்னான்னு சொல்றது..." என்று இழுத்தார்.

இறக்கிவிட்டேன்.

ஆறவைத்து, அரைத்து, டிகாஷன் இறங்கி, இரண்டு பேரும் குடித்துவிட்டுக் கிளம்பும்போது மணி பத்து. அந்த வெயிலில் எந்த மலைக்குப் போனார்களோ.